மூன்று முறை நான் வாங்கிய கேடயம்

எங்கள் கம்பெனியில் கர்னலின் அறைச் சுவரில் ஒரு கேடயம் தொங்குகிறது. தேக்குப் பலகை. நடுவில் வெள்ளி முலாம் பூசிய தகடு. தகட்டில் ஒரு வாளும் ஒரு பேனாவும் குறுக்கே போட்டிருக்கும். கீழே ஆங்கிலத்தில் சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கான பரிசு என்று எழுதியிருக்கும். காலையில் கேட் ரிஜிஸ்டரைக் காட்டப் போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் சாவிக்கொத்தைக் கொடுக்கப் போகும்போது ஒரு தடவை, இரண்டு வருஷம் தினமும் அதைப் பார்த்தேன். அந்தக் கேடயத்தை வாங்கித் தந்த கட்டுரையை டைப் அடித்தவன் நான். அதில் இருக்கும் வரைபடத்தை வரைந்தவனும் நான். அந்த வரைபடம் தப்பு. தப்பு என்று வரையும்போதே எனக்குத் தெரியும்.

நான் ராணுவத்தில் கிளார்க். ஹவில்தாராக ரிட்டையர் ஆனேன். ரிட்டையர் ஆவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னால், நாலு வருஷம் மலைமேல் இருக்கும் ஒரு ஸ்டாஃப் காலேஜில் வேலை. மேஜர் ரேங்கில் உள்ள ஆபீசர்களைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷம் அங்கே படிக்க அனுப்புவார்கள். அங்கே படித்துவிட்டு வந்தவனுக்கு மேலே ஏற வழி கிடைக்கும். முப்பத்தைந்து வயது ஆம்பிளைகள், குவார்ட்டர்ஸில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மார்க்குக்காக எவ்வளவு கேவலமாக அலைவார்கள் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

வருஷக் கடைசியில் பரிசுகள். மொத்த மதிப்பெண்ணில் முதலாக வருபவனுக்கு ஒன்று, நல்ல கட்டுரைக்கு ஒன்று, நல்ல ஆய்வுக்கு ஒன்று என்று ஒரு மேஜை நிறைய இருக்கும். எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு அசையாதவன் என்று பெயர் வாங்கிய ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார் என்று என்னிடம் வந்து கிசுகிசுப்பாகக் கேட்பார். லைப்ரரியில் எல்லோருக்கும் தேவையான புத்தகத்தை எடுத்து, சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். ஒரு மேஜரின் மனைவி எனக்குக் கேசரி கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சீட்டு. மற்றவர்களுடைய கட்டுரைத் தலைப்புகளை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கேசரியைத் தின்றுவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அங்கே முக்கால்வாசிப் பேர் எதையும் சொந்தமாக எழுதுவதே இல்லை. போன கோர்ஸ்காரன் தன்னுடைய விடைகளையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அடுத்த கோர்ஸ்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். அவன் அவனுக்கு முந்தினவனிடம் வாங்கியதும் அதிலேயே இருக்கும். பி.சி.கே. என்று அதற்கு ஒரு பெயர். முந்தைய கோர்ஸின் ஞானமாம். ஒரே பத்தியை ஒரு புள்ளிகூட மாறாமல் ஆறு ஆபீசர்களுக்கு டைப் அடித்திருக்கிறேன். ஆறு பேருக்கும் நல்ல மார்க். திருத்துகிறவரும் அதே ஹார்ட் டிஸ்கில் படித்துவிட்டு வந்தவர்தானே.

நான் சொல்லும் கர்னல் அப்போது மேஜர். சென்னைக்காரர், பெரிய வீட்டுப் பிள்ளை. அவருக்கு முதல் பரிசு வேண்டும். ஹார்ட் டிஸ்கில் இல்லாத விஷயமாக எடுத்தால்தான் அது கிடைக்கும் என்று கண்டுபிடித்த அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. தொழிற்பேட்டையில் விஷவாயு கசிந்தால் ஜனங்களை எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுவது என்று எழுதப் போவதாகச் சொன்னார்.

"பாபு, நீ எந்த ஊரு?" என்றார். அங்கே கிளார்க்குகளுக்கெல்லாம் பாபு என்றுதான் பெயர்.

"கும்மிடிப்பூண்டி பக்கம் சார்."

"அட! அங்க பெரிய எஸ்டேட்டே இருக்கே. கெமிக்கல், ஸ்டீல் எல்லாம் இருக்குல்ல?"

"எல்லாம் இருக்கு சார்."

"பர்ஃபெக்ட். அப்ப நீ போதும் எனக்கு. நான் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்ல."

வரவும் இல்லை. ரயிலேறினால் மறுநாள் வந்து சேர்ந்துவிடலாம். கள ஆய்வு என்று தலைப்புப் போட்ட கட்டுரை அது. களம் என் வாயும், ஒரு பழைய சர்வே மேப்பும்தான். அந்த மேப்பில் தொழிற்பேட்டையின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஏரிக்கரை வரைக்கும் ஒரு வண்டிப்பாதை புள்ளிக்கோடாகப் போட்டிருந்தது. மேஜர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது இருக்கா?"

"நான் ஸ்கூலுக்கே அதுலதான் சார் போவேன்."

"எக்ஸலண்ட். அப்ப இதுதான் எவாக்குவேஷன் ரூட்."

அதற்கு முந்தின லீவில் ஊருக்குப் போனபோது, அந்தப் பாதையின் ஓரமாக லாரியிலிருந்து ஹாலோ பிளாக் கல் இறக்குவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். யாரோ காம்பவுண்டு எழுப்பப் போகிறார்கள் என்று அப்போதே புரிந்தது. மேஜர் விரலை வைத்திருந்த நேரத்தில் அந்த லாரி என் ஞாபகத்துக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடி வேண்டும். கட்டுரை முடிந்தால் பதினைந்து நாள் லீவு வாங்கித் தருவதாக மேஜர் சொல்லியிருந்தார். பாதை இல்லை என்று சொன்னால் கட்டுரை திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், லீவு போகும். அவ்வளவுதான் காரணம். அவரைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

டிரேசிங் தாளில் மை பேனாவால் வரைபடத்தை வரைந்தேன். பாதை திரும்பும் இடத்தில் தாள் வெறிச்சென்று இருந்ததால் ஒரு பனைமரம் போட்டேன். மேஜருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "லோக்கல் டச்" என்றார்.

பரிசளிப்பு விழாவுக்கு மூன்று ஒத்திகை நடந்தது. இடதுகையால் பரிசை வாங்க வேண்டும், வலதுகையால் கைகுலுக்க வேண்டும், போட்டோவுக்கு இரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும், வலதுபக்கமாகத் திரும்பி இறங்க வேண்டும். யாருக்குப் பரிசு என்பது கடைசி நாள்வரை ரகசியம் என்பதால், ஒத்திகையில் பரிசு வாங்க ஆபீசர்களைக் கூப்பிட மாட்டார்கள். கிளார்க்குகளை நிறுத்துவார்கள். ஆய்வுக் கட்டுரைப் பரிசுக்கு நிறுத்தப்பட்டவன் நான். மூன்று ஒத்திகையிலும் மேடையேறி அந்தக் கேடயத்தை வாங்கி, கைகுலுக்கி, இரண்டு எண்ணி, வலதுபக்கம் இறங்கினேன். மூன்றாவது தடவை ஒத்திகை நடத்தியவர், "இவன்தான் கரெக்டா வாங்குறான்" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலாவது தடவை மேஜர் வாங்கினார். அவர் இடதுபக்கமாக இறங்கினார்.

ரிட்டையர் ஆனதும் ஊருக்கு வந்து, தொழிற்பேட்டையில் ஒரு இறால் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். எக்ஸ் சர்வீஸ்மேன் என்றால் இங்கே அந்த வேலைதான். பழவேற்காடு பக்கமிருந்தும் ஆந்திராப் பக்கமிருந்தும் வரும் இறாலை உரித்து, கழுவி, உறைய வைத்து, கண்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். உறைய வைப்பதற்கு அமோனியா. கம்ப்ரசர் ரூம் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் பீலிங் செக்ஷன், இறால் உரிக்கிற இடம். ஒரு ஷிஃப்டுக்கு நூறு பெண்களுக்குமேல். என் தங்கச்சியும் அதில் ஒருத்தி. எங்கள் அப்பா அம்மா அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டார்கள். அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரிக்கிறாள். நின்று நின்று வலது முழங்கால் போய்விட்டது.

நான் சேர்ந்த மறு வருஷம், நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக்கும் பெரிய அதிகாரியாக ஒரு ரிட்டையர்ட் கர்னல் வருகிறார் என்றார்கள். காரிலிருந்து இறங்கியவர் நம் மேஜர். என் சல்யூட்டைப் பார்த்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"அட பாபு! இங்கயா இருக்க?"

முதல் வேலையாகச் சுவரில் கேடயத்தை மாட்டினார். ஆணி அடித்தது நான்தான். இரண்டாவது வேலையாகக் கம்பெனிக்கு அவசரகாலத் திட்டம் என்று ஒரு ஃபைலைக் கொடுத்து, நாற்பது காப்பி போடச் சொன்னார். பிரித்தேன். நாலாம் பக்கத்தில் என் பனைமரம்.

அதே கட்டுரை. தொழிற்பேட்டை என்ற இடத்திலெல்லாம் எங்கள் கம்பெனிப் பெயரைப் போட்டிருந்தார். பீலிங் செக்ஷன் பெண்கள் கிழக்குக் கதவு வழியாக வெளியே வந்து, பின் கேட்டைத் திறந்து, வண்டிப்பாதை வழியாக ஏரிக்கரைக்குப் போக வேண்டும். முன் கேட் ஆபீஸ் ஸ்டாஃபுக்கும் வண்டிகளுக்கும் மட்டும். பின் கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆறடி அகலத்தில் ஒரு சந்து. அதற்கப்பால் பக்கத்துக் கம்பிக் கம்பெனிக்காரன் எழுப்பிய சுவர், இரண்டு ஆள் உயரம், மேலே முள்கம்பி. சந்தின் இரண்டு முனையும் அடைத்திருக்கும். கம்ப்ரசர் ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் சுற்றுகிறது. வாயு கசிந்தால் நூறு பெண்களையும் அதற்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தும் திட்டம் அது.

அன்றைக்கே போய்ச் சொன்னேன்.

"சார், அந்தப் பாதை இப்ப இல்ல சார். செவுரு வந்துடுச்சு. முன் கேட்டு வழியா வெளிய உடணும்."

"பாபு, இது அவார்டு வாங்கின பேப்பர். யார் யார் உட்கார்ந்து எவால்யுவேட் பண்ணாங்க தெரியுமா?"

"அவங்க யாரும் இங்க வந்து பாக்கல சார்."

கர்னல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேப்பு யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"பாதை இருக்குன்னு யாரு சொன்னது?"

கர்னல் ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப தப்புன்னா யாரோட தப்பு? போ, காப்பி போடு."

காப்பி போட்டேன். எழுந்து வந்து பின் கேட்டைத் திறந்தால் சுவரைப் பார்த்துவிடலாம். அதைக்கூட அந்த மனுஷன் செய்யவில்லை. பரிசு வாங்கியவனுக்கு இடத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. என்னுடைய விஷயம் வேறு. நான் பார்த்தவன். அவர் கேட்ட கேள்வி என் வாயை ஒரு வருஷத்துக்குமேல் அடைத்து வைத்திருந்தது.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சைரன் ஊதி ஒத்திகை நடக்கும். பெண்கள் கிழக்குக் கதவு வழியாக வந்து மூடிய பின் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். கர்னல் வாட்சைப் பார்ப்பார், கை தட்டுவார், டீ கொடுப்பார்கள். கேட்டை ஒரு தடவையும் திறந்ததில்லை. ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"ஏண்ணா, அந்த கேட்டத் தொறந்தா அந்தாண்ட இன்னா கீது?"

"செவுரு."

"செவுரா? அப்ப எங்கள எதுக்கு அங்க ஓட்டிக்கினு வர்றீங்க?"

"கர்னல் பிளான்."

"அந்தாளு பெரிய படிப்பு படிச்சவன்றாங்க?"

"படிச்சு கப்பெல்லாம் வாங்கிக்கீறான்."

"நீ கூடவே நின்னு பாத்துக்கினு கீற?" என்றாள். டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் கர்னலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் படித்த அதே ஸ்டாஃப் காலேஜிலிருந்து இந்த வருஷத்து ஆபீசர்கள் தொழிற்சாலைகளைப் பார்க்கச் சுற்றுப்பயணம் வருகிறார்கள். எங்கள் கம்பெனிக்கும் ஒரு பஸ். பரிசு வாங்கிய கட்டுரை எப்படி நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று நேரில் காட்டப் போகிறாராம். செடித்தொட்டிக்கெல்லாம் காவி அடித்தோம். கேடயத்தைத் துடைத்து மாட்டினோம்.

முந்தின நாள் மத்தியானம் பின் கேட்டுப் பூட்டில் எண்ணெய் விட்டேன். துரு கக்கி அரைமணி நேரம் கழித்துத் திறந்தது. நான் செய்ய முடிவு பண்ணியது ஒன்றுதான். திட்டத்தில் எழுதியிருக்கிறபடி, ஒரு வரி விடாமல், அப்படியே நடத்திவிடுவது. தங்கச்சியிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் முப்பது ஆபீசர்கள் நோட்டும் கையுமாக வந்தார்கள். கூடவே அவர்களுடைய வாத்தியார், ஒரு பிரிகேடியர். சைரன் ஊதியது. பெண்கள் கிழக்குக் கதவு வழியாக வந்தார்கள். நான் பின் கேட்டை விரியத் திறந்தேன். கர்னல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், மூடு என்று. நான் விறைப்பாக அட்டென்ஷனில் நின்றேன். தங்கச்சி முன்னால் நடக்க, நூறு பெண்களும் சந்துக்குள் இறங்கிச் சுவர்வரைக்கும் போய் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள்மேல் மோதினார்கள். ஆபீசர்கள் கேட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

தங்கச்சி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கத்தினாள். "சார், இதுக்கு மேல எங்க சார் போவறது? ஏணி கீணி கீதா?"

இன்னொருத்தி, "செவுத்துக்கு அந்தாண்ட ஏரி கீதாம்மே, குதி!" என்றாள். சந்து முழுக்கச் சிரிப்பு.

பிரிகேடியர் கர்னலைத் திரும்பிப் பார்த்தார். இந்த இடத்தில் கர்னல் மாட்டிக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவரை இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

கர்னல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "திஸ் இஸ் எ பிளாண்டட் அப்ஸ்டக்கிள், சார். வழி அடைச்சிருந்தா கூட்டம் எப்படி ரியாக்ட் பண்ணுதுன்னு பார்க்கறதுக்காக வேணும்னே வச்சது. பாருங்க, பேனிக் இல்ல. சிரிக்கிறாங்க."

பிரிகேடியர் தலையாட்டினார். "வெரி குட். மொரேல் இஸ் ஹை."

முப்பது பேனாக்களும் எழுதின. ஒருத்தனாவது, ஐயா இந்தச் சுவர் பத்து வருஷத்துச் சுவராகத் தெரிகிறதே, பாசி பிடித்திருக்கிறதே என்று கேட்கவில்லை. கண் முன்னால் சுவர் நிற்கிறது. மேலதிகாரி அதைத் தடை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அதைப் பார்க்க வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் தமிழ் பேசுகிற ஒரு இளம் மேஜர் என்னிடம் வந்தார்.

"பாபு, அந்தப் பிளானோட சாஃப்ட் காப்பி கிடைக்குமா? என் டிஸர்டேஷனுக்கு வேணும்."

"சார், அந்த மேப்பு தப்பு. அந்தப் பாதை கெடையாது. இப்பதான பாத்தீங்க?"

"பரவால்ல. அவார்டு வாங்கின ஸ்ட்ரக்சர், அதான் முக்கியம்."

நான் கொடுக்கவில்லை. கர்னலிடம் போய் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். முன் கேட்டில் ஆள் நுழைகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. ஷிஃப்டு நேரத்தில் அதைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் பூட்டுவதை விட்டுவிட்டேன். தங்கச்சி பீலிங் செக்ஷனில் ஒவ்வொரு மேஜையாகப் போய், சைரன் ஊதினால் கிழக்குக் கதவைக் காட்டி அம்பு போட்ட பலகையைப் பார்க்காதீர்கள், முன்பக்கம் ஓடுங்கள் என்று சொல்லிவைத்தாள். பலகையைக் கழற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் நான் வாயை மூடிக்கொண்டது அது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், காலையில் எல்லோரும் நாஷ்டா முடித்துத் திரும்பிய கொஞ்ச நேரத்தில், கம்ப்ரசர் ரூமில் ஒரு வால்வு விட்டுவிட்டது. முன் கேட்டில் நின்ற எனக்கே மூக்கில் குத்தியது. சைரன் ஊதியது. பெண்கள் முன்பக்கமாக ஓடி வந்தார்கள். சின்னக் கதவு வழியாக ஒவ்வொருத்தராக வெளியே விட்டு எண்ணினேன். தங்கச்சி நொண்டிக்கொண்டு கடைசியில் வந்தாள். வந்தவள் கதவில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"ஒடிசா பொண்ணுங்க எங்கண்ணா?"

பதினோரு பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தங்கச்சி மேஜை மேஜையாகச் சொன்னபோது அவர்கள் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை. ஆனால் அம்பு தெரியும். அம்புக்குப் பாஷை வேண்டியதில்லை.

"பின்னாடி போய்க்கீறாளுங்க" என்றாள். ஏப்ரனை ஐஸ் டிரம்மில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் அவளைத் தாண்டி ஓடினேன். ஓட முடிகிற எனக்கே கிழக்குக் கதவருகில் கண் திறக்க முடியவில்லை. பதினோரு பேரும் பூட்டிய பின் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் ரூம் அங்கிருந்து இருபதடி. அவர்களுக்கு நான் யூனிஃபார்ம் போட்ட ஆள், சாவி வைத்திருக்கிற ஆள். என் கையைப் பிடித்துக் கேட்டுப் பக்கம் இழுத்தார்கள், திறக்கச் சொல்லி. என் இந்தி அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. இருமல்தான் வந்தது. பின்னால் வந்து சேர்ந்த தங்கச்சிதான், "அய்ய, இதர் இல்லடி! உதர்! உதர் வாங்கடி!" என்று ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஒருத்தி நகர்ந்ததும் மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

யாரும் சாகவில்லை. இரண்டு பெண்களுக்குக் கண் வீங்கி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். தங்கச்சிக்கு ஒரு மாசம் இருமல். இப்போதும் மாடி ஏறினால் மூச்சு இழுக்கிறது.

மறுநாள் கர்னல் ஒரு அறிக்கையை நீட்டினார். பணியாளர் அனைவரும் திட்டத்தின்படி நான்கு நிமிடத்தில் வெளியேற்றப்பட்டனர் என்று இருந்தது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குப் போகிற காப்பி. கேட் பொறுப்பாளர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன். திட்டத்தின்படி போனவர்கள் பதினோரு பேர் மட்டும், அவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் திட்டத்தை மீறி முன் கேட் வழியாக வந்ததால் தப்பித்தார்கள். பின் கேட்டுக்கு வெளியே சுவர். வரைபடம் என்னால் வரையப்பட்டது. பாதை இல்லை என்று தெரிந்தும் வரைந்தேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கர்னல் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பாபு, இதுல நீதான் மாட்டுவ. எழுத்துல ஒத்துக்கற."

"மாட்றேன் சார்."

"கிழிச்சுட்டு வேற ஒண்ணு போடு. யாருக்கும் தெரிய வேணாம்."

"ஜெராக்ஸ் எடுத்துட்டேன் சார்."

எடுக்கவில்லை. பொய் சொன்னேன். எதையும் நேரில் போய்ப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அது ஒன்றாவது எனக்கு உதவியது. அறிக்கை நான் எழுதியபடியே போனது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பின் கேட்டுக்கு நடந்து போனார், பார்த்தார், திரும்பி வந்தார். அவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிஷம். அம்புப் பலகைகளைக் கழற்றினார்கள். பின் கேட்டை வெல்டிங் வைத்து மூடினார்கள். முன்பக்கத்துச் சின்னக் கதவை அகலப்படுத்திப் பச்சை அடித்தார்கள். என்னைக் கேட்டிலிருந்து எடுத்து, லாரி எடை போடுகிற தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கர்னல் அதே அறையில்தான் இருக்கிறார். கேடயமும்தான்.

போன மாசம் கர்னல் எடைமேடைப் பக்கம் வந்தார். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தவர், அன்றைக்குச் சந்தோஷத்தை யாரிடமாவது காட்டியாக வேண்டும் போலிருந்தது. போனை நீட்டினார். பஸ்ஸில் வந்த அந்த இளம் மேஜர், கையில் கேடயத்தோடு மேடையில் நிற்கிறார். அடுத்த படம் அவருடைய ஆய்வுக் கட்டுரையின் பக்கம்.

"பாபு, நம்ம பேப்பர் மறுபடியும் ஜெயிச்சிருக்கு."

என் வரைபடம். புள்ளிக்கோட்டுப் பாதை, பனைமரம். இந்தத் தடவை கலர் அடித்திருந்தார்கள்.

சாயங்காலம் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் சிரித்து, இருமி, பிறகு கேட்டாள்.

"அந்தப் பொஸ்தகத்த யாருண்ணா படிப்பாங்க?"

"ஒருத்தனும் படிக்க மாட்டான். காப்பிதான் அடிப்பான்."

"நம்ம கம்பெனில படிச்சாங்களே."

மறுநாள் பின் கேட்டுக்கு ஏணி போட்டு ஏறினேன். சுவரைப் போனில் படம் பிடித்து, காலேஜுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அந்த வரைபடம் தப்பு, அதை வைத்து யாருக்கும் மார்க் போடாதீர்கள் என்று எழுதினேன். இன்றுவரை பதில் வரவில்லை. அடுத்த கோர்ஸ்காரன் கைக்கு ஹார்ட் டிஸ்க் இந்நேரம் போயிருக்கும். அதனால்தான் இங்கேயும் எழுதி வைக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கிழக்கே ஏரிக்கரைக்குப் போகும் வண்டிப்பாதை இப்போது கிடையாது. அந்தத் திருப்பத்தில் பனைமரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தாள் வெறிச்சென்று இருந்ததால் நான் போட்டது அது.